சாலையோர நிலத்தில் போட்ட குடிசை

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. தயிர்க்காரி கொண்டுவரும் தயிரைக்கூட மோந்து பார்த்த பிறகுதான் பானையில் ஊற்றவிடுவேன். "இவ போலீஸ்காரன் ஊட்ல பொறந்திருக்கணும்" என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டுமே. சந்தேகப்படாமல் வாழ்ந்தவர்கள் எல்லாம் என்ன கோட்டை கட்டிவிட்டார்கள்?

இது வெள்ளைக்காரன் காலத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது. எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்து, பாதிப் பேர் திரும்பிப்போய், மீதிப் பேர் எங்கள் பக்கமே தங்கிவிட்ட சமயம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. அங்கே என் மாமனாருக்கு நல்ல நஞ்சை இருந்தது. பட்டாளத்துக்கென்று அது போயிற்று. முதலில் நாலு கூடாரம் போட்டார்கள். அப்புறம் கம்பி வேலி வந்தது. அப்புறம் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று எங்கள் வரப்பைப் பார்த்தோம். அந்த ஏக்கத்திலேயே மாமனார் கண்ணை மூடினார்.

மிச்சமிருந்த நிலத்தை என் கணவரும் அவருடைய அண்ணனும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏரிப் பக்கத்துத் தோப்பு மூத்தவருக்கு. அம்பத்தூர் போகிற சாலையோரத்துத் துண்டு எங்களுக்கு. அந்தத் துண்டில் விளைகிற கேழ்வரகும் கத்தரிக்காயும்தான் எங்களுக்குச் சோறு. அது போனால் கூலிக்குத்தான் போக வேண்டும். "எழுதி வெச்சிக்கலாமேங்க" என்று நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அண்ணாத்தேகிட்ட போயி காயிதம் கேக்கச் சொல்றியா? என்னத் தோள்ல தூக்கி வளத்தவரும்மே அவரு!" என்று கத்தினார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலத்தை அமுக்குகிறவனுக்கு ஒரு வழி உண்டு. காலி மனையில் ராவோடு ராவாக ஒரு குடிசை போடுவான். அடுப்பு மூட்டுவான், மாட்டைக் கட்டுவான். அவ்வளவுதான், அனுபோகம் என்பான், பாத்தியதை என்பான், கோர்ட்டுக்கு நடக்கவிட்டே எதிராளியின் உயிரை எடுத்துவிடுவான். அதனால் தோளில் நாலு கழியோடு எவனாவது தெருவில் போனாலே "எங்க நைனா கௌம்பிட்ட?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், புரட்டாசி மாதத்தில், இரண்டு தாடிக்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று, உங்கள் சாலையோர நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இருவரும் யூத குருமார். ஒருவர் கொச்சிக்காரர். பட்டணத்தில் இருந்த யூதக் கோயிலில் பிரார்த்தனை நடத்திக்கொண்டிருந்தவர், குண்டுக்குப் பயந்து பெண்டாட்டியோடு எங்கள் தெருவில் வாடகைக்கு வந்திருந்தார். தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவார். இன்னொருவர் வெள்ளைக்காரர். ஆவடிப் பட்டாளத்தில் இருந்த யூத சிப்பாய்களுக்கு அவர்தான் குரு. காக்கி உடுப்பு, உச்சந்தலையில் சின்னத் தொப்பி, செம்பட்டைத் தாடி. வெள்ளைக்காரன் என்றால் எல்லோரும் பாதிரியார் கூட்டம் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். இவர் வேறு மதமாம். என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் பார்த்துப் பேசாதவனை எப்படி நம்புவது?

கொச்சிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய முன்னோர்கள் பாலைவனத்தில் வருஷக்கணக்காக அலைந்து குடிசையில் குடியிருந்தார்களாம். அதை நினைத்து வருஷத்துக்கு ஒரு வாரம் குடிசை போட்டு அதில்தான் சாப்பிட வேண்டுமாம். முகாமுக்குள் அதற்கு அனுமதி இல்லை. அவருடைய வாடகை வீட்டு முற்றத்தில் மாமரம் கவிந்திருக்கிறது. மரத்தடியில் போடக் கூடாது, தலைக்கு மேலே வானம்தான் இருக்க வேண்டும். எங்கள் துண்டில் ஒரு மரமும் இல்லை. பண்டிகைக்கு நடுவில் ஒரு நாள் அந்தக் குடிசையிலேயே விருந்து வைக்கப்போகிறார்கள். பட்டணத்துக் கோயிலின் கூரை போன மழையில் உளுத்து இறங்கிவிட்டதால், ஓடும் மரமும் கொடுத்து உதவக்கூடியவர்களை இங்கிருந்து அழைத்துச் சோறு போட்டுக் கேட்கப்போகிறார்கள். நாங்களும் வர வேண்டும்.

மர நிழல் வேண்டாமாம்! பந்தல் போடுகிறவன் நிழலைத் தேடுவானா, வெயிலைத் தேடுவானா? ஊரில் இத்தனை தோப்பும் துரவும் இருக்க, சாலையை ஒட்டிய எங்கள் துண்டுதான் இவர்கள் கண்ணில் பட வேண்டுமா?

வந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். வெள்ளைக்காரர் நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டி மறுத்தார். கொச்சிக்காரரும் தொடவில்லை.

"எங்க ஊட்டு மோர்ல இன்னா வெஷமா கீது?" என்றேன்.

"ஐயோ அம்மே, அப்படி இல்லா. பாத்திரத்துக்கு எங்ஙளுக்கு ஒரு கணக்கு உண்டு. இளநீர் தந்தால் குடிக்கும்" என்றார் கொச்சிக்காரர்.

நாங்களும் கண்டவர் வீட்டில் கை நனைக்கிறவர்கள் அல்ல. ஆனால் நாம் அடுத்தவர் வீட்டில் சாப்பிடாமல் இருந்தால் அது ஆசாரம். அடுத்தவர் நம் வீட்டில் சாப்பிடாமல் இருந்தால் அது திமிர். எனக்கு அன்றைக்கு அப்படித்தான் பட்டது. இளநீரை வெட்டிக் கொடுத்துவிட்டு, "பண்டிகை முடிஞ்சதும் குடிசையப் பிரிச்சிடுவேன்னு கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றேன்.

கொச்சிக்காரர் அதை இங்கிலீஷில் சொன்னதும் வெள்ளைக்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"சத்தியம் செய்யறது இல்லா அம்மே. எங்ஙள் சாமி பேர்லயும் செய்யில்லா. பிரிக்கும் என்று சொன்னால் பிரிக்கும்."

கேட்டீர்களா கதையை? சொந்த சாமி மேலேயே சத்தியம் பண்ண மாட்டாராம். நான் என் கணவரைப் பார்த்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். மூத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குடுறா தம்பி. சாமி காரியம், வேணான்னு சொல்லக் கூடாது" என்றார்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால்கூட டப்பா காலி என்று சொல்கிற மனிதர் அவர். அன்றைக்கு மட்டும் எங்கிருந்து இந்தத் தாராளம் வந்தது என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. என் சந்தேகம் மொத்தமும் அந்தச் செம்பட்டைத் தாடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிப்பாய்கள் நாலு பேர் வந்து மூலைக்கு ஒரு கம்பம் நட்டார்கள். பக்கத்துக்குப் பாய் கட்டினார்கள். மேலே பச்சைப் பனை ஓலையை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரப்பினார்கள். சாணி பொறுக்குகிற சாக்கில் நான் கூடையோடு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் ஓலைக்கு நடுவே வானம் தெரிந்தது. புரட்டாசி மழைக்கு இது ஒரு கூரையா? வேலை தெரியாத பசங்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்த காட்சிதான் என்னைக் கதிகலங்க வைத்தது. வெள்ளைக்கார குரு குடிசைக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஈச்சங்குருத்தும் இரண்டு மூன்று தழையும். இன்னொரு கையில் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாக, நாரத்தங்காய் மாதிரி தடித்த தோலோடு ஒரு காய். முணுமுணுவென்று ஏதோ ஓதிக்கொண்டு, நாலு திசைக்கும் அதை நீட்டி நீட்டி ஆட்டினார். பிறகு மேலே ஆட்டினார், கீழே மண்ணைப் பார்த்து ஆட்டினார்.

வீட்டுக்கு ஓடிவந்து, "இன்னாங்க! எலுமிச்சம்பழம் வெச்சி நம்ம நெலத்துக்குக் கட்டுப் போடுறான் அந்தாளு! நாலு தெசையும் கட்டிட்டான், பூமியவும் கட்டிட்டான்!" என்று கத்தினேன்.

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டுப் போட்டா அவிழ்த்துக்கலாம். நீ போயி ஒலையில அரிசியப் போடு" என்றார்.

அது அவர்கள் பண்டிகைப் பூசை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என் பயம் இந்த மனிதருக்கு எப்போதுதான் விளங்கும்?

விருந்துக்கு முதல் நாள் மேகம் கட்டிக்கொண்டு வந்தது. விருந்தன்று காலையில் சாணி தெளித்துக் கொடுக்கலாம் என்று வாளியோடு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். குடிசை குடிசையாக இல்லை, வீடாக இருந்தது. பின்னிய தென்னங்கீற்றை இரண்டு அடுக்காக நெருக்கி வேய்ந்து, கூரை முகட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. சொட்டு நீர் இறங்காது. ஒரு மூலையில் ஈரம் காயாத புது மண் அடுப்பு. வாசலுக்குப் பக்கத்தில் மாடு கட்டுகிற முளை அடித்திருந்தது.

சைக்கிளில் வந்து இறங்கிய வெள்ளைக்காரரை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "ஒரு வாரத்துக்கா இந்தக் கூர? அடுப்பு எதுக்கு? முள எதுக்கு? இன்னா, கூடாரம் போட்டு ஏமாத்துனது பத்தாதா?" அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நான் கை நீட்டிய கூரையை அண்ணாந்து பார்த்தவர் முகம் மாறிப்போயிற்று. கொச்சிக்காரரைக் கூப்பிட்டு, இதை யார் செய்தது என்று கேட்கச் சொன்னார்.

"நாந்தான் வேய்ஞ்சேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூத்தவர்! "மழ வருது. சாமிக்குக் கூர வேயத் தெரியல. வர்ற ஜனம் நனையக் கூடாதேன்னு கூலியாள வெச்சி முடிச்சேன். அடுப்பு விருந்துக்கு."

"பாத்தியா எங்க அண்ணாத்தே மனச?" என்று என் கணவர் என்னை முறைத்தார். அவருக்குக் கண் கலங்கியே விட்டது. நானும் அடங்கிப்போனேன்.

வெள்ளைக்காரர் மூத்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, பூட்சோடு அதன்மேல் ஏறி, கீற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக உருவி வெளியே போட ஆரம்பித்தார். கூரை வழியாக வானம் தெரிய வேண்டும், மழையே புகாத கூரை பண்டிகைக்கு ஆகாது என்று கொச்சிக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். என் கணவருக்கு அண்ணன் செய்ததை அவமானப்படுத்திவிட்டார்களே என்று ஆத்திரம். மூத்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதி. தங்கப்போகிறவன் எவனாவது நல்ல கூரையை இப்படிப் பிய்ப்பானா?

மத்தியானம் விருந்து. பூந்தமல்லியிலிருந்து மரக்கடைக்காரர் வந்தார், அம்பத்தூரிலிருந்து ஓட்டுச் சூளைக்காரர் வந்தார். புரட்டாசியில் நாங்கள் கவுச்சி தொட மாட்டோம் என்று சொல்லியிருந்ததால் கொச்சிக்காரரின் மனைவி பூசணிக்காயும் பருப்பும் தேங்காய்ச் சோறும் செய்திருந்தாள். வாழை இலைதான் போட்டார்கள். அது யாருடைய பாத்திரமும் இல்லையே, அவர்களுக்கும் சரி, எங்களுக்கும் சரி. முதலில் வெள்ளைக்காரர் ஒரு கிண்ணத்தைக் கையில் ஏந்திப் பாடினார். மரக்கடைக்காரர் கிண்ணத்தை மோந்து பார்த்து, "சாராயமா சாமி?" என்றார். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறாம். அப்புறம் ரொட்டியைப் பிய்த்துத் தேனில் தோய்த்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவர்கள் வாயில் போட்டு விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் தின்றேன்.

வெள்ளைக்காரர் தங்கள் கோயிலைப் பற்றிப் பேசினார். பட்டணத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் குடும்பம்தான், மழை ஒழுகி வேதச் சுருள்கள் நனைகின்றன என்று கொச்சிக்காரர் அதைத் தமிழில் சொன்னார். மரக்கடைக்காரர் விடவில்லை. "இங்க கீற நல்ல கூரையப் பிச்சிப் போட்டுட்டு அங்க கூரைக்கு ஓடு கேக்குறீங்களே சாமி, இன்னா நாயம் இது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். விஷயம் புரிந்ததும் வெள்ளைக்காரர்தான் அதிகமாகச் சிரித்தார். சூளைக்காரர் ஓடு தருகிறேன் என்றார். மரக்கடைக்காரர் உத்தரமும் வாரையும் என் பொறுப்பு என்றார். பட்டணம் வரை வண்டி கட்டிக் கொண்டுசேர்க்கிறேன் என்று என் கணவர் ஒத்துக்கொண்டார்.

பருப்பு போட்டுச் சாப்பிட்டு முடிக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது. கூரை வழியாக நேரே இலையில் கொட்டியது. இந்த மாதிரி மழையில் குடிசையை விட்டுப் போகலாம் என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறதாம். இலையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு ஓடினோம். நான் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன். கூடத்தில் பந்தி மறுபடி உட்கார்ந்தபோதுதான் மூத்தவர் கூட வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

சோற்றுக் குண்டான் குடிசையிலேயே இருந்தது. அதை எடுத்துவர முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். மூத்தவர் பெஞ்சின்மேல் நின்று, உருவிப் போட்ட கீற்றையெல்லாம் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். முளையில் அவருடைய எருது. மண் அடுப்பில் தீ புகைந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"இன்னா பாக்குற? கீத்து என்னுது, கயிறு என்னுது, மாடு என்னுது. நெலம் மட்டும் ஒங்குளுதா?"

"எங்க பங்குன்னு பேசிக்கினீங்களே!"

"யார் பாத்தா? காயிதம் கீதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கீற்றை எடுத்தார். "சாமிங்க போனப்பால நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன். போ, போயி பந்திய கவனி."

சாமி காரியம் என்று அன்றைக்குச் சொன்னது இதற்குத்தானா? குடிசை போட்ட பழி அவர்கள் மேல், குடிசை இவருக்கு! குண்டானை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

என் கணவர் தலை நிமிரவில்லை. "மழைக்கு மாட்டக் கட்டியிருப்பாரு. எதையும் கோணலாவே பாக்காதம்மே. விருந்தாளிங்க எதிர்ல மானத்த வாங்காத" என்றார்.

"அவர் வாயாலே சொன்னாருங்க! காயிதம் கீதான்னு கேக்குறாரு!" என்று நான் அழுதே விட்டேன். என் அழுகையை அதுவரை அந்தக் கூடம் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் கொச்சிக்காரரிடம் என்ன என்று கேட்டார். கேட்டு முடித்ததும் பாதி இலையில் எழுந்தார். மழையில் விடுவிடுவென்று நடந்தார், நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

மூத்தவர் அசரவில்லை. "சாமி, ஒங்க பண்டிக முடியிற வரிக்கும் இருந்துக்குங்க. அப்பால நான் பாத்துக்குறேன்" என்றார்.

வெள்ளைக்காரர் மெதுவாக ஏதோ சொன்னார். கொச்சிக்காரர் அதைத் திருப்பிச் சொன்னார்: "ஒருத்தன் நிலத்தை அபகரிக்க உதவற குடிசை எங்ஙளுக்குக் குடிசையே அல்ல என்று பறயறார். இதில் இனி உட்கார மாட்டார்."

பிறகு வெள்ளைக்காரரே கூரையை இழுத்துத் தள்ளினார். பாயை அறுத்தார். கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். காக்கி உடுப்பெல்லாம் சேறு. சிப்பாய்களும் இல்லை, அவரும் கொச்சிக்காரரும் மட்டும்தான். அவர்கள் பண்டிகையில் இன்னும் நாள் இருந்தது. இரண்டாவது கம்பமும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. நாலாவதை மூத்தவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இத்தத் தொட்டா கொல வுழும்!" என்று கத்தினார். வெள்ளைக்காரர் அதைத் தொடவில்லை. ஒதுங்கி நின்று என் கணவரைப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

என் கணவர் அண்ணன் முன்னால் போய் நின்றார். மழையில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"கைய எடுண்ணா" என்றார்.

"எடுக்கலன்னா இன்னாடா பண்ணுவ?"

"எடுண்ணா."

மூத்தவர் எடுக்கவில்லை. அவர் கையோடு சேர்த்து என் கணவர் அந்தக் கம்பத்தைப் பிடுங்கினார். மூத்தவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து எருதை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. சாகிற வரைக்கும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. வெள்ளைக்காரர் நாலு குழியிலும் மண்ணைத் தள்ளிப் பூட்சால் மிதித்து மூடினார். மிச்சப் பண்டிகையை அவர் முகாமில் குடிசை இல்லாமலேயே கழித்ததாகக் கொச்சிக்காரர் பிற்பாடு சொன்னார். ஓடும் மரமும் எங்கள் வண்டியில்தான் பட்டணத்துக்குப் போயின.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு என் கணவர் கூடத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். சேறு பூசிய கையைக்கூடக் கழுவவில்லை.

"நீ சொன்னது சரிதாம்மே. நெலம் தப்பிச்சிது" என்றார். அப்புறம், "இனுமே நான் யார அண்ணாத்தேன்னு கூப்புடுவேன்?" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையைக் குனிந்து கொடுக்கவும் இல்லை. நானே துவட்டிவிட்டேன்.